ஹதியாவா, ஸதகாவா?

கடல் கடந்த நாட்டில் வாழும் ஓர் ஏழைக் குழந்தையின் வளர்ப்புச் செலவை மாதந்தோறும் ஏற்றவர், அக்குழந்தைக்குப் பொம்மையும் புத்தாடையும் பார்சலாகக் கட்டி அனுப்ப விழைகிறார். இது நன்றா?

1937இல், ஸ்பெயின் உள்நாட்டுப் போரால் அல்லலுற்ற குழந்தைகளுக்காக ஆங்கிலப் பத்திரிகையாளர் ஜான் லாங்டன்-டேவிஸ் ஒரு திட்டத்தை முன்னின்று தொடங்கினார். ஒரு குழந்தைக்கு ஒரு புரவலர். பணத்தோடு கடிதமும் செல்லும். முகமறியாதோரிடையே உறவு மலரவேண்டும் என்பதே அதன் கருத்து.

அவ்வழியில் வந்த நிறுவனங்கள் பல, இன்று பார்சல் வேண்டாம் என்கின்றன. சுங்கத் தீர்வை சில வேளை பொருளின் விலையையே விஞ்சிவிடும். பார்சல் பிரிக்கப்படும்போது அண்டை வீட்டுக் குழந்தை வெறுங்கையோடு பார்த்து நிற்கும். அதை வாங்கித்தர இயலாத தந்தையும் அருகே நிற்பார்.

ஸதகா வேறு, ஹதியா வேறு என்று ஃபிக்ஹு அறிஞர்கள் பிரித்துரைத்தனர். தேவையுடையோருக்கு இறைவனின் கூலியை நாடித் தருவது ஸதகா. அன்பும் கண்ணியமும் கருதித் தருவது ஹதியா. நாம் அனுப்புவதை ஹதியா என்கிறோம். ஆனால், பொம்மையை அணைத்துச் சிரிக்கும் குழந்தையின் நிழற்படத்தை எதிர்பார்த்தே அனுப்பினோமாயின், அது நமக்கு நாமே தந்துகொண்ட பரிசன்றோ?

அப்படியாயின் அன்பைப் பூட்டிவைப்பதா? வேண்டாம். கடிதம் எழுதுவோம். பார்சலுக்கான பணத்தை அவ்வூர்ப் பள்ளிக்கோ கிணற்றுக்கோ அளிப்போம். அங்கே நம் பெயர் இராது. அந்தத் தந்தையின் தலையும் தாழாது.