கல்லின் ருசி

பிரான்ஸின் ஷாப்லி வெள்ளை ஒயினைச் சுவைப்பவர்களின் குறிப்புகளில் பச்சை ஆப்பிள், எலுமிச்சையோடு ஒரு விசித்திரமான சொல்லும் வரும்: ஈரக்கல். அந்தத் திராட்சை வளரும் சுண்ணாம்பு மண்ணில் சிப்பிப் புதைபடிவங்கள் உண்டு. ஆனால் கல்லின் ருசி வேர் வழியாக ஏறிக் கோப்பைக்கு வருவதில்லை என்கிறார்கள் புவியியலாளர்கள். அப்போ இதெல்லாம் சும்மா பீலாதானா?

சந்தேகப்பட இன்னொரு காரணமும் இருக்கிறது. 2001இல் வெளியான போர்தோ ஆய்வில், வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து, ஒயின் பற்றிப் படிக்கும் 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதை வர்ணித்தார்கள். மூக்கைக் கண் ஏமாற்றிவிட்டது.

கொஞ்சம் யோசிங்க. 'ஏமாந்தார்கள்' என்று சொல்லும்போதே, ஏமாறாமல் இருக்கவும் வழியுண்டு என்று ஒப்புக்கொள்கிறோம். "எனக்குப் பிடிச்சிருக்கு" என்பதில் யாரும் தவற முடியாது; அதனாலேயே அது தீர்ப்பும் இல்லை. 'இனிப்பே இல்லை, புளிப்பு கூர்மையா இருக்கு' என்பதை இன்னொருவர் குடித்துப் பார்த்து மறுக்கலாம். 'ஈரக்கல்' அந்தக் கூர்மையை நோக்கி நீட்டிய விரல், அவ்வளவுதான்.

தவறிப்போகக்கூடிய ஒரு சொல்லைத் துணிந்து சொல்வதுதான் ரசனை. லேபிளை மறைத்த பிறகும் அதையே சொல்ல முடிகிறதா என்பதில் இருக்கிறது அதன் நேர்மை.