யுகத்தின் எண்

ஆடி அமாவாசையன்று குற்றாலத்துப் பேரருவியில் நீராடி, ஈர வேட்டியோடு, மோதிர விரலில் தர்ப்பைப் பவித்திரம் தரித்து, கையில் எள்ளும் நீரும் ஏந்தி நிற்பவர், தம் தந்தையின் பெயரைச் சொல்லுமுன், இது வைவஸ்வத மன்வந்தரத்தின் இருபத்தெட்டாம் சதுர்யுகத்தில் கலியின் முதற்பாதம் என்று சங்கற்பம் செய்துகொள்கிறார். மூன்று தலைமுறைக்கு மேல் முன்னோர் பெயர் அறியாத மனிதனுக்கு 43,20,000 ஆண்டுகள் கொண்ட சதுர்யுகம் எதற்கு? மனிதன் அற்பன் என்று உணர்த்துவதற்கே இப்பேரெண் வகுக்கப்பட்டது என்பர் பலர். எனக்கு அது சம்மதமன்று.

அவ்வெண்ணைப் பகுத்துப் பார்த்தால் 2, 3, 5 என்னும் பகா எண்களைத் தவிர வேறெதுவும் அதனுள் இல்லை; மிச்சமின்றி அதை வகுக்கும் எண்களோ 180. அறுபதை அறுபதால் இருமுறை பெருக்கி, வந்ததை இருபதால் பெருக்கினால் கிடைப்பதும் அதுவே. ஆகவே நாளை அறுபது நாழிகையாகவும், நாழிகையை அறுபது விநாழிகையாகவும், அதனையும் அறுபது தற்பரையாகவும் பகுத்த கணிதருக்கு அது மிகவும் இணக்கமாயிற்று. ஒரு சதுர்யுகத்துக்கு 1,57,79,17,500 நாட்கள் என்று ஆரியபடர் வகுத்தார். அதை ஆண்டுகளுக்குப் பங்கிட்டால், ஓராண்டுக்கு 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை வருகிறது. நம் வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டளவும் அணுவளவும் பிசகாமல் இதுவே. இரண்டு தொகைகளையும் 7,500-ஆல் சுருக்கினால், 576 ஆண்டுகளுக்கு 2,10,389 நாட்கள் என்று நிற்கும். பின்னங்கள் ஒழிந்து, சூரிய சந்திரரும் கிரகங்களும் முழுச் சுற்றுகளாக எண்ணப்பட வேண்டும் என்பதற்காகவே எண் இவ்வளவு பெரிதாயிற்று.

அப்படியாயின் இது ரிஷிகள் கண்டதா, கணிதர் அமைத்ததா? புராணங்கள் யுகங்களை நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்னும் விகிதத்தில் கூற, ஆரியபடர் நான்கையும் சமமாகப் பங்கிட்டார். அதற்காகப் பிரம்மகுப்தர் அவரைக் கடிந்தார். மொத்தத் தொகையில் மாத்திரம் பேதமில்லை. கணக்குக்காக அமைந்தது என்பதனால் அதன் புனிதம் குறைந்துவிடும் என்று நான் எண்ணவில்லை. மிச்சமின்றி முடியும் கணக்கைத் தேடியவர்களின் சத்தியப் பற்றும் உபாசனையே.

ஆனால் பெரிது என்பது நித்தியம் ஆகிவிடாது. ஆயிரம் சதுர்யுகங்கள் கூடிய பிரம்மாவின் பகல் 432 கோடி ஆண்டுகள். அதுவும் எண்ணி முடிவதே. காலாதீதன் என்று சைவர் போற்றும் பரம்பொருளை அவ்வெண்ணை எத்தனை முறை அடுக்கினாலும் எட்டவியலாது. தென்காசியில் விசுவநாதர் ஆலயத்தைப் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன் யுகங்களின் நீளத்தில் ஆறுதல் தேடவில்லை. தன் கற்றளியும் பழுதுறும் என்று உணர்ந்து, பின்னாளில் அதைச் செப்பனிட்டுக் காப்போரின் அடிகளைப் பணிவதாகக் கல்வெட்டில் பொறித்து வைத்தான்.

பஞ்சாங்கத்தைப் பூஜையறையில் வைத்து வணங்கும் இல்லத்தார், தம் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, சதுர்யுகத்தின் நாட்களை ஆண்டுகளுக்குப் பங்கிடும் அந்த வகுத்தலை ஒருமுறையேனும் கையால் செய்து பார்க்கச் சொல்ல வேண்டுகிறேன்.