பாடகர் பாட, மக்கள் பார்க்க...?



சென்ற மாதம் என் மேசைக்கு ஓர் அறிவித்தல் வந்தது. மறைக்கோட்டத்துப் பாடகர் குழாங்களுக்கெல்லாம் சேர்த்து, ஒருநாள் வழிபாட்டு இசை மாநாடு நடத்தப் போகிறார்களாம். அதில் அடியேனும் ஒரு பேச்சாளன். அறிவித்தலின் மேற்பகுதியில் பேச்சாளர்களின் படங்கள். அதற்குக் கீழே, சற்றுப் பெரிதாகவே, பாடகர்களின் படங்கள். பிறகு வாத்தியக்காரரின் பெயர்கள். எல்லாவற்றுக்கும் அடியில், கண்ணாடி போட்டுத்தான் படிக்கவேண்டிய சிறிய எழுத்தில், 'அனைவரும் வருக' என்றிருந்தது. அந்த 'அனைவரும்' யார் என்று சிறிது யோசித்துப் பார்த்தேன். ஞாயிறுதோறும் கோவில் வாங்கில் அமர்ந்திருக்கும் நீங்கள்தாம்.

அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வேறோர் அலுவலாக மூதூருக்குப் புறப்பட்டேன். திருகோணமலையிலிருந்து அந்த வழியாக மூதூருக்குப் போகிறவர் கிண்ணியாவைக் கடக்கவேண்டும். 2009ஆம் ஆண்டு ஒக்ரோபரில் திறக்கப்பட்ட பாலம் ஏறத்தாழ 400 மீற்றர் நீளம். இன்று பஸ்ஸில் இருப்பவர் பேச்சை முடிக்கும் முன்பே அக்கரை வந்துவிடுகிறது. அதற்கு முன் அங்கே இருந்தது 'பாதை'. வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வாகனங்களையும் மனிதரையும் ஏற்றி நீரைக் கடத்தும் மிதவை. அதற்காகக் காத்துக் கிடந்த நேரத்தில் முழுச் செபமாலையையும் சொல்லி முடித்தவர்கள் எத்தனையோ பேர்.

குருப்பட்டம் பெற்ற புதிதில் ஒரு மாலை நான் அப்படிக் காத்து நின்றபோது, கரையில் சிலர் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தனர். கிண்ணியாவில் பெரும்பான்மையோர் முஸ்லிம் சகோதரர்கள், இழுத்தவர்களும் அவர்களே. ஒருவர் முதற்குரல் எடுத்து அம்பா பாடினார். மற்றவர்கள் கயிற்றில் வைத்த கையை எடுக்காமலே பதில் கொடுத்தார்கள். முதற்குரல்காரரின் தொண்டை ஒன்றும் இனிமையானதல்ல, கரகரத்த குரல். ஆனால் அவர் செய்த ஒரு காரியம் என் மனதில் இன்றும் நிற்கிறது. பதில் தளர்ந்தபோதெல்லாம் அவர் தம் குரலைச் சற்று இறக்கிக்கொண்டார். கடைசியில் நின்ற கிழவருக்கும், குரல் உடையாத பையனுக்கும் எட்டுகிற இடத்துக்குப் பாட்டைக் கொண்டுவந்தார். உடனே பதில் பலத்தது, கயிறும் நகர்ந்தது. அவர் ஒருவரே நன்றாகப் பாடியிருந்தால், வலை கடலிலேயே கிடந்திருக்கும்.

இனி வேதாகமத்துக்கு வருவோம். வழிபாட்டுக்கென்று இசைக் கலைஞரை முறையாக ஒழுங்குபடுத்தியவர் தாவீது அரசர். குறிப்பேடு முதல் நூல் 25ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஆசாபு, ஏமான், எதுத்தூன் ஆகியோரின் மக்கள். கின்னரம், யாழ், கைத்தாளம் ஏந்தியவர்கள். பயிற்சி பெற்றவர்கள் மொத்தம் 288 பேர். இவர்களுக்குப் பணி பிரித்தது எப்படி? சிறியவரும் பெரியவரும், ஆசிரியரும் மாணவரும் என்ற வேறுபாடின்றிச் சீட்டுப் போட்டார்கள். ஆசிரியர் பெயர் மேலே, மாணவர் பெயர் கீழே என்று அங்கே எழுதப்படவில்லை. பிறகு சாலமோனின் ஆலயம் நேர்ந்தளிக்கப்பட்ட அன்று, எக்காளம் ஊதிய குருக்கள் 120 பேரும் பாடகரும் ஒரே குரலாய் ஒலித்தபோது ஆலயத்தை மேகம் நிரப்பியது. குருக்களால் நின்று பணிபுரிய முடியவில்லை. நல்ல பாட்டு நடக்கும்போது குருவானவரும் சற்று ஒதுங்கவேண்டியிருக்கிறது போலும். எங்களைப் போன்ற நீண்ட பிரசங்கக்காரர் இதைக் கவனிப்பது நல்லது.

தமிழ் நாட்டில் இசைக்கென்று மாநாடு கூட்டிய கிறிஸ்தவர் ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். 1859இல் பிறந்தவர், 1919இல் மறைந்தவர். அவர் கத்தோலிக்கர் அல்லர், பிரிந்த சகோதரர். ஆசிரியராய் இருந்து, பின் சித்த வைத்தியராகிப் பேரும் பொருளும் ஈட்டினார். மருந்தில் வந்த பணத்தை என்ன செய்தார் தெரியுமா? 1912ஆம் ஆண்டு முதல் தஞ்சாவூரில் சங்கீத மாநாடுகளை நடத்தினார். வித்துவான்களையும் ஆராய்ச்சியாளரையும் தம் செலவிலேயே வரவழைத்தார். அங்கே பேசப்பட்டது சுருதி என்னும் நுட்பமான பொருள். ஒரு ஸ்தாயிக்குள் சுருதிகள் 22 என்பது வழக்கமாகச் சொல்லப்பட்ட கணக்கு. பண்டிதர் சிலப்பதிகாரத்தையும் பழைய உரைகளையும் துருவித் துருவிப் பார்த்து, 24 என்று வாதித்தார். 1916இல் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு கூடியபோது அங்கும் போய் அதையே சொன்னார். வெறும் வாயால் சொல்லிவிட்டு வரவில்லை. தாம் கூறியதைத் தம் புதல்வியரைக்கொண்டு இசைத்தும் காட்டச் செய்தார். அடுத்த ஆண்டு, 1917இல், 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூல் வெளிவந்தது. தமிழ்ப் பிள்ளைகள் பொருள் விளங்காத தெலுங்குப் பாட்டிலேயே இசை பயில்கிறார்களே என்று வருந்தி, அவர்களுக்காகத் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகளைத் தமிழிலேயே இயற்றியும் கொடுத்தார்.

அவருடைய கணக்கு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு இசை ஞானம் போதாது. எங்கள் கீழ்மாகாணத்தின் விபுலானந்த அடிகள், மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரியில் பயின்றவர், திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராயும் இருந்தவர், அதே பழந்தமிழ் இசையை ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' தந்தார். அத்தகைய பெரியவர்கள் பேசவேண்டிய விடயம் அது. என் மனதைத் தொட்டது வேறொன்று. பண்டிதரின் மாநாட்டில் பேச்சாளரும் இசைவாணரும் ஒரு கேள்விக்கு விடை காணக் கூடினார்கள். நம்முடைய மாநாடுகள் எந்தக் கேள்விக்கு விடை காணக் கூடுகின்றன?

சுருதி என்று சொன்னவுடன் என் பழைய குற்றம் ஒன்று கண்முன் வருகிறது. அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நான் பணியாற்றிய ஒரு பங்கில் வயது முதிர்ந்த அண்ணாவியார் ஒருவர் இருந்தார். கூத்துப் பழக்கியவர். தவக்காலத்தில் ஆண்டவரின் பாடுகளைப் பற்றிய பழைய பாட்டுகளை அவர் எடுத்துக் கொடுக்க, ஊர் முழுவதும் வாங்கிப் பாடும். மரண வீட்டிலும் அவர் குரல்தான். நான் போன ஆண்டு, இளைஞர் சேர்ந்து பணம் திரட்டிக் கீபோட் ஒன்று வாங்கினார்கள். எனக்கும் பெருமைதான். பாடகர் குழாத்தில் பெரும்பாலும் பெண்பிள்ளைகள். அவர்களுக்கு வசதியாக ஐந்து கட்டைச் சுருதியில் பாட்டுகளைப் பழக்கினோம். ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடிப் பழகிய ஆண்பிள்ளைக்கு அது எட்டுமா? முதல் ஞாயிறே அண்ணாவியாரின் குரல் பிசகியது. பிள்ளைகள் சிரித்தார்கள். திருப்பலி முடிந்து அவர் என்னிடம் வந்தார்.

"சுவாமி, அந்தப் பெட்டி நிக்கிற இடத்துக்கு என்ர குரல் ஏறாது. பெட்டியைக் கொஞ்சம் இறக்கேலாதோ?"

"ஏலாது ஐயா, பிள்ளைகள் இப்பிடியே பழகிட்டாங்க" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு முதல் கடைசி வாங்கில் இருந்தார். அவர் வாய் திறந்ததை நான் பிறகு காணவில்லை. அவரைச் சுற்றியிருந்த ஆண்களும் ஒவ்வொருவராய்ப் பாடுவதை நிறுத்தினார்கள். அதைக் கவனிக்க எனக்கு ஓராண்டு பிடித்தது. இரண்டு ஆண்டுகளுக்குப்பின் அவரை நானே அடக்கம் செய்தேன். மற்றவர்களின் மரணத்தில் அவர் பாடிய பாட்டை அவருடைய மரணத்தில் பாட ஒருவரும் இருக்கவில்லை. ஒரு கொப்பியிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. கீபோட்டோடு இரண்டு பாட்டுப் பாடி முடித்தோம். சுருதியை ஏற்றவும் இறக்கவும் அந்தப் பெட்டியிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது என்று பின்னர் ஒரு பள்ளி மாணவன் எனக்குக் காட்டினான். ஒரு விரல் அழுத்தம்தான்!

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசெம்பர் 4ஆம் திகதி வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை நான் குருமடத்தில் மனப்பாடம் செய்தவன். பாடகர் குழாங்களை ஊக்குவிக்க வேண்டும் என்று சங்கம் கூறுகிறது. அதே எண்ணில், இசையோடு நடக்கும் வழிபாட்டில் இறைமக்கள் முழுவதும் தமக்குரிய பங்கைச் செலுத்தும்படி ஆயர்களும் மேய்ப்பர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கூறுகிறது. மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் கொடுக்கச் சொல்கிறது. உரிய நேரத்தில் மௌனம் காக்கவும் சொல்கிறது. பரீட்சையில் இவற்றுக்கு நல்ல புள்ளி எடுத்தேன். அண்ணாவியார் முன்னால் நின்றபோது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் குருக்கள் ஒளிந்து திரிந்தபோது, கோவாவிலிருந்து 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி நம் மொழியைக் கற்று, நம் மக்களின் வாய்க்கும் காதுக்கும் ஏற்க 'வியாகுலப் பிரசங்கம்' எழுதினாரே, அவர் கையில் எந்தப் பெட்டி இருந்தது?

இன்னொன்றும் சொல்லவேண்டும். இது சுருதியைவிடக் கனமானது. 2021 நவம்பர் 23ஆம் திகதி, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்தது. புதிய பாலம் கட்டுவதற்காகப் பழைய பாலத்தை அகற்றியிருந்தார்கள். அதனால் பள்ளிப் பிள்ளைகளும் மற்றவர்களும் பாதையில் போய்வந்தார்கள். பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். அதற்கு அடுத்த ஞாயிறு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. நான் திருப்பலி நிறைவேற்றினேன். பாடகர் குழாம் பல வாரம் ஒத்திகை பார்த்த புதிய பாட்டுகளைப் பாடியது. குறை சொல்ல இடமில்லை. வெளியே வந்தபோது வயதான அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக் கேட்டார்: "சுவாமி, அந்தக் கிண்ணியாப் பிள்ளைகளுக்கு ஒரு செபமும் சொல்லேலையே?" உண்மைதான். மன்றாட்டை வழக்கம்போல் புத்தகத்திலிருந்து வாசித்திருந்தோம். அந்த ஊர்ப் பெயரே வரவில்லை. கடலுக்கு இந்தப் பக்கம் நாம் பாடிக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் தாய்மார் அழுதுகொண்டிருந்தார்கள்.

உங்கள் பாட்டின் இரைச்சலை என்னைவிட்டு அகற்றுங்கள் என்று ஆண்டவர் ஆமோஸ் இறைவாக்கினர் வாயிலாகச் சொன்னதை அன்று மாலை எடுத்து வாசித்தேன். ஐந்தாம் அதிகாரம். இசை சரியில்லை என்று அவர் கோபிக்கவில்லை. யாழும் பாட்டும் நன்றாகத்தான் இருந்திருக்கும். நீதி நீரைப்போல் ஓடவேண்டிய இடத்தில் அது ஓடவில்லை. அதுதான் அவர் குறை. புனித அகுஸ்தீனார் போன்ற பெரியவரே, பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தம்மை அதிகம் இழுத்த வேளைகளை எண்ணித் தம்மைக் கடிந்துகொண்டார். நம் ஆண்டவரும் பாடியிருக்கிறார். கடைசி இராவுணவு முடிந்து, புகழ்ப்பா பாடிவிட்டு ஒலிவ மலைக்குப் போனார் என்று மத்தேயு எழுதுகிறார். மேடையும் இல்லை, பாராட்டும் இல்லை. பதினொரு பேரின் குரலோடு சேர்ந்த ஒரு குரல். அந்தப் பாட்டு முடிந்த வழியில்தான் கெத்சமனி இருந்தது.

மாநாட்டில் நான் என்ன பேசுவது என்று இப்போது தீர்மானித்துவிட்டேன். அதிகம் பேசப் போவதில்லை. ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லி, எல்லாருக்கும் தெரிந்த மாதா பாட்டு ஒன்றை ஒரு கட்டையில் தொடங்கச் சொல்வேன். பாடகர் மேடையைவிட்டு இறங்கி வாங்குகளில் பரந்து இருக்கட்டும். சபையின் குரல் எந்த இடத்தில் தளர்கிறது என்று அவர்கள் காதால் கேட்கட்டும். நோட்டீஸ் அடித்தவர்களுக்கு இது பிடிக்குமோ என்னமோ. படம் போட்டு அழைத்தவர்களைக் கீழே இறக்குவதா என்று கோபிக்கவும் கூடும். அவர்களும் நல்ல பிள்ளைகள்தான். பாடகரின் உழைப்பை நான் சிறுமைப்படுத்தவில்லை. வேலை முடிந்து வந்து இரவில் ஒத்திகை பார்க்கிறவர்களின் களைப்பை நான் அறிவேன்.

அன்பர்களே, பத்திரிகைக்காரன் என்ற முறையில் உங்களிடம் ஓர் உதவி வேண்டும். உங்கள் வீட்டுப் பாட்டன், பாட்டி, பெரியம்மா யாருக்காவது பழைய தவக்காலப் பாட்டோ, மரண வீட்டுப் பாட்டோ, திருநாள் பாட்டோ தெரிந்தால், எழுதி எங்கள் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பாடுகிறவருக்கு எழுத முடியாவிட்டால் பேரப்பிள்ளை எழுதட்டும். கைத்தொலைபேசியில் பதிவு செய்தும் தரலாம். இருமலும் நடுவில் நாய் குரைத்ததும் இருந்தாலும் பரவாயில்லை. எந்த ஊர், எந்தக் கோவிலில் பாடியது, யாரிடம் கற்றது என்ற மூன்றையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். இப்போதே கேளுங்கள். வருகிற தவக்காலம் வரை வைத்திருக்க வேண்டாம்.