ஆளில்லாக் குடிலும் எமது இல்லமும்

நோர்வேயில் வாழும் நாம், ஞாயிற்றுக்கிழமைகளில் இந்நாட்டவர் முதுகுப்பையுடன் காட்டுக்கும் மலைக்கும் செல்வதைக் காண்கிறோம். இதனை அவர்கள் 'ஃப்ரீலுஃப்ட்ஸ்லீவ்' என்பர். திறந்தவெளி வாழ்வு எனலாம். பயிரிடப்படாத நிலத்தில் எவரும் நடந்து செல்லும் உரிமையை 1957ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்கிறது. எமது பிள்ளைகளும் பாடசாலையுடன் செல்கின்றனர். "மழையிலும் பனியிலும் நடந்து என்ன பயன்? அந்த நேரத்தில் படிக்கலாமே" என்று கேட்கும் பெற்றோரும் உளர். இக்கேள்வியைச் சற்று ஆராய்வது நன்று.

1868ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நோர்வே மலைப்பயணச் சங்கத்துக்கு நாடெங்கும் 500க்கு மேற்பட்ட குடில்கள் உள்ளன. அவற்றுட் பல ஆளில்லாதவை. அங்கத்தவர்கள் பொதுத் திறப்பு ஒன்றினால் கதவைத் திறந்து உள்ளே செல்லலாம். சில குடில்களில் உலருணவும் தகரத்தில் அடைத்த உணவும் அடுக்கப்பட்டிருக்கும். எடுத்ததற்கும் தங்கியதற்கும் தாமே கணக்குப் பார்த்துப் பணம் செலுத்துவர். புறப்படுமுன் பாத்திரம் கழுவி, தரை கூட்டி, விறகை உள்ளே அடுக்கி, குப்பையைத் தம்முடன் எடுத்துச் செல்வர். யாருக்காக? முகமறியாத ஒருவருக்காக. அவர் இரவில் நனைந்த உடையுடன் வரக்கூடும். அடுப்பருகே காய்ந்த விறகு இருப்பது அவருக்கு எவ்வளவு பெரிய உதவி!

பார்ப்பவர் இல்லாதபோதும் ஒழுகுவதே ஒழுக்கம். குடில் இதைப் போதிப்பதில்லை, செய்ய வைக்கிறது.

ஆனால் மலையில் கற்றதை வீட்டு வாசலில் சப்பாத்துடன் கழற்றி வைத்துவிட்டால் என்ன பயன்? குடிலில் கோப்பை கழுவிய பிள்ளை வீட்டில் அதை மேசையிலேயே விட்டு எழுந்தால், காரணம் ஒன்றே: வீட்டில் கழுவுவதற்கு அம்மா இருக்கிறார். குடிலில் "எனக்குப் பின் ஒருவர் வருவார்" என்ற எண்ணம். வீட்டில் "எனக்குப் பின் ஒருவர் செய்வார்" என்ற எண்ணம். அந்த ஒருவர், வெளியே வேலை முடித்துக் களைத்து வரும் தாய். முகமறியாதவருக்குக் காட்டும் கருணையைப் பெற்றவளுக்குக் காட்டாதிருப்பது அறமாகுமா? தந்தையரும் தம்மைக் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஆகவே, இயலும்போது குடும்பமாக மலைக்குச் செல்வோம். திரும்பி வந்தபின் குசினியிலும் குளியலறையிலும் கோவில் அன்னதான மண்டபத்திலும், அடுத்து வருபவருக்காக இடத்தை ஆயத்தமாக விட்டுச் செல்கிறோமா என்று பார்ப்போம். அப்படிச் செய்வோமாயின் நடந்த நடை வீண்போகவில்லை.