மொட்டும் கூடும்

பட்டுப்புடவையில் மல்லிமொக்கு என்று ஒரு வேலைப்பாடு உண்டு. பெயரைக் கவனியுங்கள். மல்லிப்பூ இல்லை, மல்லிமொக்கு. மலராத மொட்டு. தாழம்பூ ரேக்கு, மாங்காய், மயில்கண், அன்னபட்சி என்று எங்கள் ஆரணித் தறிகளில் ஏறும் டிசைன்களில் பாதிக்குப் பாதி தோட்டமும் தோப்பும்தான். இப்போது ஜாக்கார்டு அட்டையில் வண்ணத்துப்பூச்சிகூட வந்துவிட்டது. அந்துப்பூச்சியை மட்டும் யாரும் நெய்து நான் பார்த்ததில்லை. புடவை மொத்தமும் அதன் எச்சில்தானே, தனியாக வேறு எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போல.

ஆரணி தெரியாதவர்களுக்கு: திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஊர். வெளியூரில் இரண்டு விஷயத்துக்குப் பேர். ஒன்று அரிசி, இன்னொன்று பட்டு. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனால் புழுவை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. ராமநகரம் பக்கமிருந்தோ, கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கமிருந்தோ கூடு நூலாகி, முறுக்கேறி, சாயமேறி, கட்டுக்கட்டாக வீட்டுக்கு வந்து சேரும்போது அதில் ஒரு உயிர் இருந்த அடையாளமே இருக்காது. அப்பா நாற்பது வருஷம் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தவர். உயிருள்ள பட்டுப்பூச்சியை அவர் முதல்முதலாகப் பார்த்தது என் செல்போனில்.

சென்னையில் என்னோடு அறையில் இருந்த தோழி பால்கூடக் குடிக்காதவள். "எப்டிடி அத ஒடம்புல சுத்திக்கிற?" என்று ஒருமுறை கேட்டாள். கணக்கு அவள் பக்கம் இருந்தது. ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஆறேழு கிலோ கூடு வேண்டும். ஒரு கூடு இரண்டு கிராமுக்குள்தான் இருக்கும். ஆகக் கிலோவுக்கு மூவாயிரம், நாலாயிரம் உயிர். உள்ளே இருப்பது அந்துப்பூச்சியாகி வெளியே வந்தால் கூட்டில் ஓட்டை விழும், நூல் அறுந்துபோகும். அதனால் வருவதற்கு முன்பே ஆவியிலோ சூட்டிலோ கொன்றுவிடுவார்கள். காஞ்சி மகா பெரியவர் பட்டு வேண்டாம் என்று சொன்னதும் இதற்காகத்தான், அதுவும் பட்டுக்கே பேர்போன ஊரின் மடத்தில் இருந்துகொண்டு.

கொல்வது தப்பா என்பது பழைய கேள்வி. கேட்பவரின் சாப்பாட்டுத் தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து பதில் மாறும். என்னை நச்சரிப்பது அதற்குப் பக்கத்தில் இருக்கும் வேறொன்று.

கல்யாண மேடையில் பெண்ணைப் பாருங்கள். தலையில் மல்லிகை, உடம்பில் பட்டு. ஒன்று அந்துப்பூச்சிகளுக்கென்றே உருவெடுத்த பூ. இன்னொன்று ஒரு அந்துப்பூச்சியின் கூடு. ஒருவரை ஒருவர் தேட வேண்டிய இரண்டு கூட்டத்தார் ஒரே உடம்பில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் தெரியாமல்.

வெள்ளை நிறம், பொழுது சாய்ந்தபின் மலர்வது, இருட்டில் தூக்கும் வாசனை, அடியில் ஒல்லியான குழல். இதெல்லாம் இரவில் பறக்கும், நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள பூச்சிக்கு எழுதிய விலாசம். எங்கள் தெருவில் பப்பாளி மரம் இருந்த வீடுகளில் விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஹாக் மாத் என்கிற பெரிய அந்துப்பூச்சிகள் வரும். தேன்சிட்டு மாதிரி அந்தரத்திலேயே நின்று பூவுக்குள் குழலை நீட்டும். பூவின் குழல் நீள நீள பூச்சியின் குழலும் நீண்டிருக்கிறது. மடகாஸ்கர் ஆர்க்கிட் ஒன்றின் ஓரடி நீளத் தேன்குழலைப் பார்த்துவிட்டு, இதன் அடிவரை எட்டும் குழலோடு ஒரு அந்துப்பூச்சி இருந்தே ஆக வேண்டும் என்று டார்வின் 1862-ல் எழுதினார். 1882-ல் இறந்தார். அப்படி ஒரு பூச்சியை அறிவியல் பதிவு செய்தது 1903-ல்.

இதைக் காதல் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. வாசல் வழியாக நுழைய முடியாவிட்டால் கருவண்டு பூவின் அடியில் ஓட்டை போட்டுத் தேனை எடுத்துக்கொள்ளும், மகரந்தத்தைத் தொடக்கூடச் செய்யாது. பூவும் லேசுப்பட்டதல்ல. நம் வயலோரத்து ஆடுதின்னாப்பாளை குட்டி ஈக்களை உள்ளே இழுத்து அடைத்துவைத்து, மகரந்தத்தை அப்பிய பிறகுதான் வெளியே விடும். திருட்டு, ஏமாற்று, பேரம் எல்லாம் உண்டு. ஆனாலும் இது கோடிக்கணக்கான வருஷம் நடந்திருக்கிறது என்றால் காரணம் ஒன்றுதான். தேன் தராத பூவைத் தேனீ கற்றுக்கொண்டு தவிர்க்கும், அடுத்த செடிக்குப் போகும். விலகிப்போக முடியும் என்பதுதான் இந்த உறவில் இருக்கும் ஒரே நீதி. அன்பு அல்ல.

பட்டுப்பூச்சிக்கு அந்த அடுத்த செடி கிடையாது.

இங்கே ஒரு தவறான குற்றச்சாட்டைத் தள்ளிவைத்துவிடலாம். பட்டுப்பூச்சி சிறகு முளைத்தபின் எதுவும் தின்பதில்லை, அதன் வாய் வேலை செய்யாது. அந்த வாயை மனிதன் பறித்துவிட்டான் என்று உருக்கமாகச் சொல்கிறவர்கள் உண்டு. இல்லை. சீனாவில் இன்னும் வெட்டவெளியில் வாழும் அதன் காட்டுச் சொந்தமும் அப்படித்தான். நாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் குடும்பம் பூவோடு கணக்கை முடித்துக்கொண்டது. தின்பதையெல்லாம் புழுவாக இருக்கும்போதே தின்றுவிடும், பிறகு துணை தேடும், முட்டையிடும், போய்ச் சேரும். அது தின்னும் மல்பெரிக்கும் பூச்சி தேவையில்லை. நம் பழைய பெயர் முசுக்கொட்டை. மகரந்தத்தைக் காற்றிடம் கொடுக்கிற மரம். அதன் ஆண்பூ வெடித்து எறிகிற வேகம் ஒலியின் வேகத்தில் பாதிக்கும் மேல் என்று 2006-ல் அளந்து சொன்னார்கள். பூவை விட்டுவந்த பூச்சி, பூச்சியை விட்டுவந்த மரம். ஒருவிதத்தில் நல்ல ஜோடி.

அப்படியானால் நாம் எடுத்தது எது? பறப்பதை. சுமார் ஐயாயிரம் வருஷமாகத் தட்டில் வளர்த்து, பெரிய கூடு கட்டுவதைப் பொறுக்கியெடுத்து, ஓடிப்போவதைக் கழித்து, இன்று சிறகு இருந்தும் தரையை விட்டு எழும்ப முடியாத ஒரு பூச்சியைச் செய்து வைத்திருக்கிறோம். பெண்ணின் வாசனை பட்டால் ஆண் சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு நடந்துதான் போகும். (அந்த வாசனைப் பொருளைப் பிரித்தெடுத்து 'பாம்பிகால்' என்று 1959-ல் அறிவித்தார் ஜெர்மனியின் பூட்டெனான்ட். அதற்குச் சுமார் ஐந்து லட்சம் பெண் பூச்சிகள் செலவாயின. வாசனைக்கும் விலை உண்டு.) புழுவோ தட்டை விட்டு இறங்கி இலை தேடாது. இலை வரும் என்று காத்திருக்கும். வராவிட்டால் அங்கேயே சாகும்.

குண்டுமல்லி வந்ததும் கிட்டத்தட்ட இதே வழியில்தான். பதியன் போட்டோ குச்சி நட்டோ வளர்க்கிறோம், அது விதை வைப்பது அபூர்வம். மொட்டாகவே பறித்துவிடுவதால் அது மலர்வது செடியில் அல்ல, தலையில். யாருக்கோ அனுப்பிய கடிதத்தை வழியில் பிரித்துப் படிக்கிறோம்.

"எண்ணிக்கையைப் பார், காட்டில் இருக்கும் அதன் சொந்தம் எங்கே, இது எங்கே. நெல் மாதிரி, கோழி மாதிரி, மனுஷனைப் பிடித்துக்கொண்டு ஜெயித்த உயிர் இது" என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெருகுவதே நன்மை என்றால் அடிமைகள் பெருகிய காலத்தையும் நல்ல காலம் என்றாக வேண்டும்.

இதைவிட வலுவான வாதம் வேறு. விலக முடியாத உறவு இயற்கையிலேயே இல்லையா? இருக்கிறது, அதுவும் மல்பெரியின் பங்காளி வீட்டிலேயே. அத்தி, ஆல், அரசு எல்லாம் மல்பெரிக் குடும்பம்தான். அத்திப்பழத்தைப் பிட்டால் புழு என்று முகம் சுளிக்கிறோமே, அது பெரும்பாலும் குளவி. அந்தக் குளவி இல்லாமல் அத்தி வம்சம் இல்லை. பழம் என்று நாம் சொல்வது உள்பக்கமாகத் திரும்பிக்கொண்ட பூங்கொத்து. பெண் குளவி நுனித்துளை வழியாகத் தன்னைத் திணித்து நுழையும்போது சிறகு பிய்ந்துபோகும். கொண்டுவந்த மகரந்தத்தைச் சேர்த்து, முட்டையிட்டு, பெரும்பாலும் உள்ளேயே சாகும். உள்ளே பிறக்கும் ஆணுக்குச் சிறகே கிடையாது. இணைசேர்ந்து, பெண்கள் வெளியேற வழி குடைந்து கொடுத்துவிட்டு, வெளிச்சத்தில் வாழாமலே செத்துப்போகும். பெரும்பாலும் ஒரு மர இனத்துக்கு ஒரு குளவி இனம். இதில் விலகல் எங்கே இருக்கிறது?

இல்லைதான். ஆனால் கயிறு இரண்டு கழுத்திலும் இருக்கிறது. குளவி போகாத தேசத்துக்கு ஆலங்கன்றைக் கொண்டுபோய் நட்டால் நிழல் தரும், வாரிசு தராது. பட்டு கட்டுகிறவர்களுக்கு அப்படி எந்தக் கட்டும் இல்லை. நாளைக்கே பட்டுப்பூச்சி இல்லாமல் போனாலும் பருத்தி இருக்கிறது, பாலியெஸ்டர் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் இறுகுகிற கயிற்றை உறவு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மனிதர்கள் என்று மொத்தமாகப் பேசும்போது ஒருவர் விட்டுப்போகிறார். நெய்கிறவர். கயிற்றின் மறுமுனை அவர் கழுத்தில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் தறி மட்டும்தான் எங்களுடையது. நூல், ஜரிகை, டிசைன் எல்லாம் முதலாளி கொடுப்பது. அத்தை கல்யாணத்துக்கு, ஓடு மாற்றியதற்கு, தம்பி காலேஜுக்கு என்று வாங்கிய முன்பணம் தீராமல் அப்பாவால் வேறு முதலாளியிடம் போக முடியவில்லை. கூலியைக் கூட்டிக் கேட்டால் அடுத்த பாவு தள்ளிப்போகும். மழைக்காலத்தில் பாவுக்காக வாரக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம். தோழி கேட்டதை அப்பாவிடம் சொன்னபோது அவர் நாடாவை நிறுத்தவில்லை.

"பூச்சி பாவம்தான் பாப்பா, யாரு இல்லன்னா? ஆனா அதுக்கு எல மொறையா வந்துடுது இல்ல? நமக்குப் பாவு அப்டியா வந்துச்சி?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் நெசவாளிக்கு ஒரு வாசல் உண்டு, தாமதமாகவேனும். என்னோடு படித்த பெண்கள் பலர் செய்யாறு சிப்காட் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். நான் சென்னைக்கு வந்துவிட்டேன். எங்கள் தறிக்குழியை மூடி மேலே சிமெண்ட் பூசியாகிவிட்டது. பூச்சிதான் எங்கேயும் போகவில்லை.

பூச்சியைக் கொல்லாமல் வெளியேற விட்டு, ஓட்டை விழுந்த கூட்டிலிருந்து நூற்று நெய்யும் 'அகிம்சைப் பட்டு' ஒன்றை ஹைதராபாத்தின் குசுமா ராஜய்யா உருவாக்கினார். மதிக்க வேண்டிய முயற்சி, சந்தேகமில்லை. ஆனால் வெளியே வந்த பூச்சி எங்கே போகும்? பறக்காது, தின்னாது. சில நாளில் நானூறு, ஐந்நூறு முட்டை. அத்தனையும் பொரித்தால் அத்தனைக்கும் இலை வேண்டும், இல்லையென்றால் பட்டினிச் சாவு. விதைமுட்டைக்காக வெளியேற விடப்படும் பூச்சிகளின் கதையும் சுபம் அல்ல. பாஸ்டர் 1860-களில் காட்டிய வழியில், முட்டையிட்ட தாயை நசுக்கி நுண்ணோக்கியில் வைத்து, நோய்க்கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கதவைத் திறந்துவிடுவதும் விடுதலை தருவதும் ஒன்றாக இருக்க, திறந்த கதவுக்கு வெளியே ஏதாவது இருக்க வேண்டும்.

நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் ஒரு பருவத்தில் அந்த இனமே இருக்காது. எனக்கு இது கொல்வதைவிடச் சின்ன விஷயமாகத் தோன்றவில்லை, ஏனென்று முழுதாக விளக்க முடியாவிட்டாலும். நாம் செய்து வைத்த உயிர் என்பதாலேயே அதை முடித்துவைக்கும் உரிமையும் நமக்கு வந்துவிடுமா? சாவு குறைந்தால் பாவம் குறைந்தது என்று கணக்குப் போட்டால் தோழி சொல்வது சரி. ஆனால் விலக முடியாதபடி ஒன்றை ஆக்கிவிட்டவர், தான் மட்டும் கைகழுவி விலகிக்கொள்வதும் அதே பழைய அநியாயத்தின் தொடர்ச்சிதான் என்று நினைக்கிறேன். அதனால்தான் அப்பா கடைசியாக நெய்த மல்லிமொக்குப் புடவையை நான் கட்டுகிறேன், புதிதாக எதுவும் வாங்குவதில்லை. இது தீர்வு இல்லை. என்னால் நிற்க முடிகிற இடம், அவ்வளவுதான்.

ஓசூரில் மத்திய அரசின் பட்டுவளர்ப்பு மரபுவள மையம் ஒன்று இருக்கிறது. நூற்றுக்கணக்கான பட்டுப்புழு வகைகளை, நூலுக்காக யாரும் கேட்காத பழைய வகைகளையும் சேர்த்து, வருஷா வருஷம் பொரிக்கவைத்து, இலை போட்டு, முட்டையெடுத்து, மறுபடியும் பொரிக்கவைக்கிறார்கள். நாளைக்குக் கலப்பினத்துக்குத் தேவைப்படலாம் என்ற கணக்குதான், கருணை அல்ல. ஆனாலும் புடவை எதுவும் வராமல், அந்தப் பூச்சி தொடர்ந்து இருப்பதற்காக மட்டும் யாரோ தினமும் மல்பெரி இலை நறுக்கிப் போடுகிறார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அங்க கூலி எவ்ளோவாம்?" என்றார்.