பசுமையும் பிணியின்மையும்: செம்பூர் மாகுலை முன்வைத்து

திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயை உணவின் அளவோடு இணைத்துப் பேசுகிறது. நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என நான்கினையே அது மருத்துவத்தின் உறுப்புகளாக எண்ணுகிறது. வாழிடம் அவ்வெண்ணிக்கையில் இடம்பெறவில்லை. ஆயின், நாடு அதிகாரம் பிணியின்மையை நாட்டின் ஐந்து அணிகளுள் முதலாவதாக வைக்கிறது. அரண் அதிகாரமோ நிழல் செறிந்த காட்டினை அரணின் உறுப்பாகக் கொள்கிறது. இவ்வைப்புமுறை கருதத்தக்கது. வந்த நோயைத் தீர்த்தல் ஒருவரின் உடலைப் பற்றியது. நோய் வாராதிருத்தல் நிலத்தைப் பற்றியது, ஆதலின் அரசின் கடனாகிறது. இவ்வேறுபாட்டை மும்பை செம்பூரை ஒட்டிய மாகுல் பகுதியில் வைத்துப் பார்க்கலாம்.

மாகுலும் ஆம்பாபாடாவும் நகரம் விழுங்கிய சிற்றூர்கள். மாகுலில் வாழ்ந்த கோலி மீனவர்க்கு உப்பங்கழியும் சதுப்புக் காடுமே வாழ்வின் களம்; தமிழ் மரபு இதனை நெய்தல் எனும். 1950களின் நடுவில் இங்கு இரண்டு எண்ணெய்த் தூய்விப்பாலைகள் எழுந்தன. பின்னர் உர ஆலையும் அனல்மின் நிலையமும் வேதிப்பொருள் சேமிப்புக் கலன்களும் சூழ்ந்தன. எனினும், பசுமை அங்கு அற்றுப்போய்விடவில்லை. கழிக்கரையில் அலையாத்தி மரங்கள் இன்றும் உள்ளன. பூநாரைகள் ஆண்டுதோறும் வந்து சேற்றுநிலத்தில் மேய்கின்றன. புகைப்படம் எடுப்போர்க்கு அஃது ஓர் எழிலிடம்!

அவ்வெழிலின் அருகில் வாழ்வோர் நிலை வேறு. கே.இ.எம். மருத்துவமனை 2013இல் நடத்திய கணக்கெடுப்பில், 67.1 விழுக்காட்டினர் மாதத்தில் மும்முறைக்கு மேல் மூச்சுத்திணறல் உற்றதாகத் தெரிவித்தனர். அப்பகுதியின் காற்று மக்கள் நலத்திற்கு ஊறு விளைப்பது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் கூறியது.

1984இல் ரோஜர் உல்ரிக் என்பார் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வினை வெளியிட்டார். பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளருள், சன்னல் வழியே மரங்களைக் கண்டோர் செங்கற்சுவரைக் கண்டோரினும் விரைவாக வீடு திரும்பினர் என்பது அதன் முடிவு. பசுமை நலம் தரும் என்பார் பலரும் எடுத்துக்காட்டும் சான்று இது. ஆனால் அந்நோயாளர்க்குத் தூய காற்றும் நல்ல பேணுதலும் முன்னரே வாய்த்திருந்தன. மரக்காட்சி அவற்றின்மேல் வந்த மிகை. அடிப்படையே இல்லாதவிடத்து அம்மிகையைக் காட்டி ஈடுசெய்ய முயல்வது அறமாகுமா என்பதே வினா. ஆலைகளைச் சுற்றி மரவரிசை வளர்த்துவிட்டால் கடன் தீர்ந்தது என எண்ணும் போக்கு இவ்வினாவை எதிர்கொள்வதில்லை. மரம் தூசியை ஓரளவு தடுக்கும். எளிதில் ஆவியாகும் பென்சீன் போன்ற சேர்மங்களுக்கு அது வேலியாகாது.

மற்றொரு கூறும் உண்டு. டிராம்பேயில் அணு ஆராய்ச்சி நிறுவனத்திற்காக ஜனதா காலனி 1976 மே மாதத்தில் இடிக்கப்பட்டது. தமிழர் பலர் உட்பட ஏறத்தாழ 70,000 பேர் அகற்றப்பட்டுக் கழியோரச் சதுப்பு நிலமான சீத்தா கேம்பில் குடியேற்றப்பட்டனர். நாற்பது ஆண்டுகள் கழித்து, தான்சா குடிநீர்க் குழாயோரம் வாழ்ந்தோர் மாகுலின் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டனர். தீர்ப்பாயம் ஊறு எனச் சுட்டிய பின்னரும் அவ்விடமே தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது எளிதில் கடந்துவிடத்தக்கதன்று. எவரையும் மாகுலில் வாழுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்றும், மாற்று வீடு தரும்வரை மாதம் 15,000 ரூபாய் வாடகைத் தொகை வழங்குக என்றும் மும்பை உயர்நீதிமன்றம் 2019இல் ஆணையிட்டது.

இவ்வாணையின் அறவியல் பொருள் நுண்ணியது. வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமே எனில், குழாயோரக் குடிசையினும் மாகுலின் அடுக்கு வீடு மேலானதே. அரசின் வாதமும் ஏறக்குறைய அதுவாகவே இருந்தது. நீதிமன்றமோ உறைவோர் உள்ளிழுக்கும் காற்றையும் வீட்டின் பகுதியாகக் கொண்டது. முதற்பொருளாகிய நிலத்தினின்று மாந்தர் வாழ்வைப் பிரித்துக் காணாத திணைக்கோட்பாட்டிற்கு இந்நோக்கு அணுக்கமானது. ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. அனுப்பப்பட்டோர் வேறிடம் கேட்க இயலும். மாகுலின் கோலியர்க்கு அக்கழியே முதற்பொருள். அதனை விட்டு அகலும் உரிமையை அவர்க்கு நலம் எனக் கூறவியலாது. அவர்கள் வேண்டுவது இடமாற்றம் அன்று. தம் நிலத்தின் பிணியின்மையே.