நின்னுடுச்சா... மரத்துடுச்சா?

மணவூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அங்கே நிற்காத எக்ஸ்பிரஸ் ஒன்று தடதடவென்று கடக்கிறது. கண்ணை மூடி, காதைப் பொத்திக்கொள்ளுங்கள். அப்போதும் ரயில் போவது தெரியும். செருப்பைக் கழற்றிய பாதம் சொல்லிவிடும்!

பாதத்துக்குச் சொன்னது யார்? தோலின் ஆழத்தில் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக உள்ள குட்டி உணர்விகள். இத்தாலியரான பச்சினி 1830-களில் கண்டறிந்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. சும்மா அழுத்திக்கொண்டே இருந்தால் இவை சட்டென்று மௌனமாகிவிடும். அதிர்ந்தால் விழித்துக்கொள்ளும். விநாடிக்குச் சுமார் 250 அதிர்வு என்றால் கொண்டாட்டம்தான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அசைவைக்கூடக் கண்டுபிடித்து, நரம்பு வழியாக மூளைக்குத் தகவல் அனுப்பிவிடும்.

அந்தப் பக்கத்து நண்பர் ஒருவர். சர்க்கரைக்காரர். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைப்படிகளை வெறுங்காலில் ஏறி இறங்கினார். மறுநாள் உள்ளங்காலில் பெரிய கொப்புளம். கல் சுட்டதே அவருக்குத் தெரியவில்லை.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் இசைக்கவையைத் தட்டி, நண்பரின் கால் கட்டைவிரலில் வைத்தார். விநாடிக்கு 128 முறை அதிர்கிற கவை.

''அதிர்வு நின்னதும் சொல்லுங்க.''

''நின்னுடுச்சு சார்.''

டாக்டர் பேசாமல் அதை எடுத்து என் விரல் கணுவில் வைத்தார். ஙொய்ய்ய் என்று அதிர்ந்துகொண்டே இருந்தது!

நண்பர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை நின்றுவிட்டது. ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி-க்கு வந்தார். 'தொழுநோய் விரல்களை அழுக வைக்கிறது' என்று எல்லோரும் நம்பிய காலம். அவர் கூர்ந்து கவனித்துச் சொன்னார்: நோய் பறிப்பது உணர்ச்சியை. உணர்ச்சி போனதால் வருகிற காயங்கள்தான் விரல்களைத் தின்கின்றன. தூங்கும்போது எலி கடித்தால்கூடத் தெரியாதே! அதனால் வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

வலிக்காத கையை யாரும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதில்லை. அது நம்முடையது என்பதே மறந்துவிடுகிறது.

கைக்கு மட்டுமா இந்த விதி? வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்ட அம்மா, முன்பு போல் சண்டை போடாத மனைவி, கேட்பதை நிறுத்திவிட்ட பிள்ளை... 'இப்பல்லாம் ஒரு பிரச்னையும் இல்லப்பா' என்கிறோம். நாமும் பொய் சொல்லவில்லை. ஆனால், கவையை எடுத்து இன்னொருவர் விரலில் வைத்துப் பார்த்தோமா?

சர்க்கரை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது பாதத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மற்றதைச் சோதிக்க டாக்டர் தேவையில்லை. இன்று ராத்திரி சாப்பிடும்போது, எதிரில் உட்கார்ந்திருப்பவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

நின்னுடுச்சா... இல்லை, எனக்குத்தான் மரத்துடுச்சா?